யூபிஎஸ் டப்பாவில் மிஞ்சிய கேபிள்

ஐப்பசி சிவகாசிக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். தீபாவளிக்கு முந்திய கடைசிப் பட்டாசு லோடுகள் ஒரு பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கும். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடித்த காலண்டர்களும் டைரிகளும் இன்னொரு பக்கம் மெஷினில் ஏறியிருக்கும். வானமும் அந்த நேரம் பார்த்துத்தான் இருட்டும். விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைக்கிற கொஞ்ச மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது. பிற்பகலில், இடியோடு வருவது. எங்கோ மின்னல் விழும், லைன் டிரிப் ஆகும், ஐந்து நிமிடத்தில் கரண்ட் திரும்பிவிடும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த கணினிக்கும், ஒரு ஜிபி அளவுள்ள டிசைனை சேவ் செய்துகொண்டிருந்த கணினிக்கும் அப்படியில்லை.

அதற்குத்தான் யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறோமே என்று கேட்கலாம். வாங்கத்தான் செய்திருக்கிறோம். 2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் இந்த வட்டாரத்தில் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ வாங்காத அச்சகமும் கடையும் குறைவு. அப்போது பழகிய ஒரு கேள்வி இன்னும் நம்மை விடவில்லை: "எத்தனை மணி நேரம் நிக்கும்?" கடைக்காரரும் "நாலு மணி நேரம் கவலையில்ல அண்ணாச்சி" என்று பெரிய பேட்டரியாகக் காட்டுவார். விளக்கு எரிய அது சரியான கேள்வி. கணினிக்கு அது பாதிக் கேள்விதான். நாலு மணி நேரம் ஓடிய பேட்டரி கடைசி விநாடியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால், கணினிக்கு அது யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனதற்குச் சமம். ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகு, ஆன் செய்தபடியே விட்டுப்போன கணினிக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

யூபிஎஸ் கணினிக்குக் கொடுப்பது அவகாசம். அந்த அவகாசத்துக்குள் ஃபைல்களை மூடி, கணினியை முறையாக நிறுத்த யாராவது வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கணினியே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கணினிக்குச் செய்தி போயாக வேண்டும். செய்தி போகிற வழி, யூபிஎஸ் வாங்கும்போது டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் அந்த யூஎஸ்பி கேபிள். பவர் வயரை மாட்டிவிட்டு, இது எதற்கென்று தெரியாமல் டப்பாவோடு பரணில் போட்ட கேபிள்கள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன.

சட்டென்று கரண்ட் போனால் உள்ளே என்ன கெடுகிறது? நீங்கள் சேவ் கொடுத்ததும் எழுத்து உடனே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. வேகத்துக்காக விண்டோஸ் அதை முதலில் மெமரியில் வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும். டிஸ்க்கும் தன் பங்குக்கு ஒரு சின்ன மெமரியில் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் இந்த இரண்டு இடத்திலும் இருந்தது மறைந்துவிடும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறை தன் அமைப்பைப் பற்றிய குறிப்பைத் தனியே எழுதிவைக்கும். அதனால் மறுபடி ஆன் செய்தால் கணினி பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் அது காப்பாற்றுவது ஃபோல்டர்களின் கட்டமைப்பை மட்டுமே. பாதி எழுதிய ஃபைலின் மறுபாதிக்கு அது பொறுப்பேற்காது. பழைய ஃபைலின் மேலேயே புதியதை எழுதும்போது நின்றுவிட்டால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை என்ற கதி வரலாம்.

டாலி போன்ற கணக்கு மென்பொருளில் விஷயம் இன்னும் சிக்கல். ஒரு பில் போட்டால் சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் கணக்கு, வரி என்று பல இடங்களில் பதிவு மாற வேண்டும். இரண்டு இடத்தில் மாறி மூன்றாவதில் நின்றால் டேட்டா பழுதாகி, அதைச் சரிசெய்யும் வேலையில் உட்கார வேண்டும். சில சமயம் கடைசியாக எடுத்த பேக்கப்பிலிருந்து திரும்பப் போட வேண்டியிருக்கும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது டேட்டா திறக்காவிட்டால் டிரைவரும் லோடும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இப்போது எல்லோரும் எஸ்எஸ்டி போடுகிறார்கள். அதில் சுழலும் தட்டு இல்லையே, பயமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை ஏறக்குறைய நேர்மாறு. பழைய ஹார்டு டிஸ்க்கில் கரண்ட் போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்தையே மின்சாரமாக்கிப் படிக்கும் முனையைப் பத்திரமாக ஓரத்தில் கொண்டு நிறுத்தும் ஏற்பாடு இருக்கும். எஸ்எஸ்டி, எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தும் நடுவில் கரண்ட் போனால் ஒரு ஃபைல் மட்டும் போய்விட்டது என்று நிம்மதி அடைய முடியாது. அரிதாக டிஸ்க்கே தெரியாமல் போகும். சர்வர்களுக்கென்று வரும் விலை கூடிய எஸ்எஸ்டிகளில் இதற்காகக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். கடைகளில் விற்கும் சாதாரண வகையில் அநேகமாக இருக்காது.

இன்வெர்ட்டருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். முதல் வித்தியாசம் மாறும் வேகம். கரண்ட் போனதும் கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தனக்குள் சேமித்ததை வைத்துச் சுமார் 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் அந்த நேரத்துக்குள் பேட்டரிக்கு மாறியாக வேண்டும். சாதாரண யூபிஎஸ் 10 மில்லி விநாடிக்குள் மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண மோடில் அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். அதனால்தான் அதன் முதுகில் 'யூபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கணினியை இன்வெர்ட்டர் லைனில் ஓட்டுகிறவர்கள் அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. இரண்டாவது வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவதைப் பீப் அடித்து மனிதருக்குச் சொல்லுமே தவிர, கணினிக்குச் சொல்ல அதற்கு வழியில்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

யூபிஎஸ்ஸிலேயே மூன்று ரகம். கரண்ட் இருக்கும்வரை அதை அப்படியே கடத்திவிட்டு, போனதும் பேட்டரிக்குத் தாவுவது ஆஃப்லைன். லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜைப் பேட்டரியைத் தொடாமலே ஓரளவு சரிசெய்துகொடுப்பது லைன் இன்டராக்டிவ். உள்ளே 'டிக் டிக்' என்று ரிலே மாறும் சத்தம் கேட்குமே, அது. எப்போதும் தன் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகவே ஓடி, மாறும் இடைவெளியே இல்லாதது ஆன்லைன். விலையும் சூடும் அதிகம். பில்லிங், டிசைன் கணினிகளுக்கு இரண்டாவது ரகம் போதும். சர்வருக்கும் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் சிடிபி மெஷினுக்கும் ஆன்லைன் வாங்குகிற செலவில் நியாயம் உண்டு.

அளவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். டப்பாவில் 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட் அல்ல. பெரும்பாலான மாடல்களில் சுமார் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. கணினியும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டுமே என்று தோன்றும். நிற்காது. 7 என்ற எண் 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. சில நிமிடங்களில் உறிஞ்சினால் அதே பேட்டரி பாதிகூடத் தராது. புதுப் பேட்டரியில் கால் மணி நேரம் கிடைத்தால் நல்ல யூபிஎஸ். அதே யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் மாட்டிவிடாதீர்கள். தாளில் மையை உருக்கி ஒட்ட அது சூடாகும் நேரத்தில் ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். கரண்ட் போன நேரத்தில் பிரிண்ட் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

இங்கே வெயிலும் ஒரு செலவு. இந்த ஈயப் பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மேசைக்கு அடியில் காற்றே போகாத மூலையில் செருகிய யூபிஎஸ்ஸின் பேட்டரியை இரண்டு வருஷத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பத்து நிமிடம் முழுதாகக் கிடைத்தால் போதும். முறையாக நிறுத்த அதில் மூன்று நிமிடம்கூட ஆகாது. பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியை யூஎஸ்பி உள்ள மாடலுக்குக் கொடுக்கலாம்.

கேபிளை மாட்டியதும் பெரும்பாலான கணினிகளில் மடிக்கணினியில் இருப்பதுபோல ஒரு பேட்டரிப் படம் திரையின் கீழ்ப்பக்கம் வரும். வந்தால் வேறு மென்பொருள் தேவையில்லை. வராவிட்டால் யூபிஎஸ் கம்பெனி தரும் மென்பொருளைப் போட வேண்டும். பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் பேட்டரி. 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்' என்ற இடத்தில்தான் பேட்டரி தீரும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைக்கிறோம். அங்கே ஸ்லீப் மட்டும் வேண்டாம். தூங்கும் கணினியின் மெமரிக்கும் கரண்ட் வேண்டும். யூபிஎஸ் நின்றதும் அதுவும் போய்விடும். டிசைனர் கணினிக்கு ஹைபர்னேட் பொருத்தம். திறந்திருப்பதை எல்லாம், சேவ் செய்யாததையும் சேர்த்து, அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணையும். மறுநாள் ஆன் செய்தால் விட்ட இடத்தில் ஃபோட்டோஷாப் திறந்து நிற்கும். கணக்கு சர்வருக்கு ஷட்டவுன் நல்லது.

எத்தனை சதவீதத்தில் இது நடக்க வேண்டும் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாக அங்கே 5 என்று இருக்கும். மடிக்கணினியின் பேட்டரி தன் அளவை நன்றாகத் தெரிந்து சொல்லும். சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் உத்தேசமாகத்தான் சொல்லும். பழைய பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுந்துவிடும். 5-க்கு வரவே வராது. ஆகவே இதை 50 என்று ஏற்றிவையுங்கள். 'லோ பேட்டரி' எண் இதைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். அதை 60 ஆக்குங்கள். பாதிப் பேட்டரி வீணாகிறதே என்று தோன்றும். அந்தப் பாதி, பேட்டரி கிழடாகும்போது கைகொடுக்கும்.

கையில் இருக்கும் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளையே இல்லையென்றால்? மலிவான மாடல்கள் பலவற்றில் இருக்காது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை யூபிஎஸ்ஸில் சேர்க்காமல் நேரடி லைனில் மாட்டிவைத்து, கணினி அதை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம். தொடர்ந்து நாலைந்து நிமிடம் பதில் வராவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு கணினி தானே அணையும். கணினி ரிப்பேர் பார்க்கும் பையன்கள் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். ஒரே கணினியில் பில் போடும் சின்னக் கடை என்றால் அதுகூட வேண்டாம், ஒரு மடிக்கணினி வாங்கிவிடலாம். பேட்டரியும் செய்தி சொல்லும் வழியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

நாலைந்து கணினிகள் ஒரு சர்வரில் டாலி ஓட்டும் இடத்தில் வரிசை முக்கியம். முதலில் மற்ற கணினிகள் அணைய வேண்டும், சர்வர் கடைசியில். ஒரே யூபிஎஸ்ஸின் கேபிள் சர்வருக்கு மட்டுமே போகும். மற்றவற்றுக்குச் சர்வர்தான் நெட்வொர்க் வழியாகத் தகவல் சொல்ல வேண்டும். 'நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. கேபிள் மாட்டிய கணினி எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மற்றவை விலகும்வரை காத்திருந்து, பிறகு தான் அணையும். ஃபைல்களைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டிகள் பலவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இத்தனையும் செய்துவிட்டு நெட்வொர்க் சுவிட்சை மட்டும் சாதா லைனில் மாட்டியிருப்பார்கள். கரண்ட் போன கணமே சுவிட்ச் செத்துவிடும். சர்வர் கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. பத்து வாட்கூட இழுக்காத அந்தப் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் உள்ள அச்சகங்களில் வேறொரு கூத்து நடக்கும். கரண்ட் போகும், ஜெனரேட்டர் ஓடும், விளக்கெல்லாம் எரியும். யூபிஎஸ் மட்டும் விடாமல் பீப் அடித்துக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் கழித்து, கரண்ட் இருக்கும்போதே கணினி அணையும். காரணம், ஆஃப்செட் மெஷினின் பெரிய மோட்டார் கிளம்பி நிற்கும்போதெல்லாம் ஜெனரேட்டரின் வேகம் கூடிக் குறையும். 50 ஹெர்ட்ஸ் 48 ஆகும், 53 ஆகும். யூபிஎஸ் இதை நல்ல கரண்ட் என்று ஏற்க மறுத்துப் பேட்டரியிலேயே நிற்கும். சில மாடல்களில் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தும் அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். யூபிஎஸ்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பட்டாசு ஆலை ஆபீஸ்களுக்குத் தனியாக ஒன்று. 2008-ன் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற வரைபடத்தில் எந்தக் கட்டடம் எதற்கு என்பது குறித்திருக்கும். யூபிஎஸ்ஸும் பேட்டரியும் ஆபீஸ் கட்டடத்தோடு நின்றுவிட வேண்டும். ரிலே மாறும்போது சின்னப் பொறி வரும். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே விடும். ஆபீஸிலேயே என்றாலும் அதற்குக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் மருந்து சாம்பிளோ அட்டைப்பெட்டி அடுக்கோ இருக்கக் கூடாது. பெரிய வளாகத்தில் கேட்டிலிருந்து ஆபீஸுக்குக் கேமரா, நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால் அந்தச் செம்புக் கம்பி வழியாகவும் இடியின் வீச்சு உள்ளே வரும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போட்டால் அந்த வழி அடைபடும். எந்த யூபிஎஸ்ஸும் இடிதாங்கி அல்ல. வானம் இருட்டும்போதே, இடி கேட்கத் தொடங்கும் முன்பே கணினியை நிறுத்தி, பவர் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குவதுதான் பத்திரம். எர்த் சரியாக இல்லாத கட்டடத்தில் யூபிஎஸ்ஸில் உள்ள சின்ன சர்ஜ் பாதுகாப்பும் பேருக்குத்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் குழியையும் வயரிங்கையும் கவனிக்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் பாய்ந்து ஆன் செய்யவும் வேண்டாம். வந்த கரண்ட் அடுத்த சில நிமிடங்களில் மறுபடி போவது நம் ஊரில் சகஜம். காலியான யூபிஎஸ் பேட்டரி நிரம்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் இரண்டாவது முறை போனால் முதலில் கிடைத்த அவகாசம் கிடைக்காது. சர்வர் தானே எழும்படி பயாஸில் அமைத்திருப்பவர்கள் இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். கணினி அணைந்த பிறகு யூபிஎஸ்ஸும் ஒருமுறை அணைந்து எழுந்தால்தான், கரண்ட் திரும்பியது என்பதே கணினிக்குத் தெரியும். நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ், தான் அணையும்போது யூபிஎஸ்ஸையும் அணைந்து எழச் சொல்லிவிட்டுப் போகும். மற்ற முறைகளில் காலையில் ஆபீஸ் திறப்பவர் பட்டனைத் தட்டுவதே எளிது.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து கழன்றுவிடும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும். முதல் தடவை முக்கியமான எதையும் திறந்து வைக்காமல் செய்யுங்கள். அது சரியாக நடந்தால், அடுத்தடுத்த சோதனைகளுக்கு மின்வாரியமே நாள் குறித்துக் கொடுக்கிறது. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று முதல் நாளே பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு அறிவிப்பு வருகிறதே, அந்தக் காலையில் ஜெனரேட்டரைக் கொஞ்சம் தாமதமாகப் போடச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தோடு உட்காருங்கள். கரண்ட் போனதிலிருந்து கணினி தானே அணையும்வரை எத்தனை நிமிடம் என்று ஒரு டேப்பில் தேதியோடு எழுதி யூபிஎஸ் மேல் ஒட்டுங்கள். முதல் டேப்பில் இருந்த நிமிடம் பாதியாகக் குறைந்த மாதம் புதுப் பேட்டரி வாங்க வேண்டும். பழையதைக் குப்பையில் போட்டுவிடாமல் கடைக்கே கொண்டுபோனால் அதில் உள்ள ஈயத்துக்கு விலையில் கழித்துக்கொள்வார்கள்.